பிரேக் ஆயில் குறைகிறதா? கசிவைக் கண்டுபிடிப்பதும் சரிசெய்வதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முன்சக்கரங்களில் டிஸ்க், பின்சக்கரங்களில் ட்ரம் என்று நம் ஊர்ச் சாலைகளில் அதிகம் ஓடும் சிறிய பெட்ரோல், டீசல் கார்களை மனத்தில் வைத்து எழுதியது இது. நான்கு சக்கரத்திலும் டிஸ்க் உள்ள காருக்கும் பெரும்பகுதி பொருந்தும். மின்சார, ஹைப்ரிட் கார்களின் பிரேக் அமைப்பு வேறு வகையானது. அவற்றை இதைப் படித்துவிட்டுத் திறக்க வேண்டாம்.

பிரேக் ஆயில் (பிரேக் திரவம்) இருக்கும் டப்பாவில் அளவு இறங்கியிருக்கிறது. கசிவு என்று முடிவு செய்யலாமா?

உடனே முடிவு செய்ய வேண்டாம். பிரேக் பேட் தேயத் தேய, பேடை டிஸ்க்கோடு அழுத்தும் காலிப்பருக்குள் இருக்கும் பிஸ்டன் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்து நிற்கும். அது விட்ட இடத்தை நிரப்ப டப்பாவிலிருந்து திரவம் இறங்கும். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ஓட்டத்தில், மேல் கோட்டிலிருந்து கீழ்க் கோட்டை நோக்கி மெதுவாக இறங்கினால் அது தேய்மானக் கணக்கு. அதைக் கண்டதும் பதறி நிரப்பி வைத்தால், புது பேட் மாட்டும் நாளில் பிஸ்டனை உள்ளே தள்ளும்போது டப்பா வழிந்துவிடும். ஆகவே முதலில் பேடின் தடிமனைப் பாருங்கள்.

சில நாட்களிலோ சில வாரங்களிலோ கண்ணுக்குத் தெரியும்படி இறங்கினால் கதை வேறு. பிரேக் அமைப்பு மூடிய ஒன்று. என்ஜின் ஆயில் எரிந்து குறையலாம். பிரேக் திரவத்துக்கு அப்படிச் செலவாக வழியே இல்லை. குறைந்திருந்தால் அது எங்கோ போயிருக்கிறது. போன இடம் தெரியாமல் மேலே ஊற்றிக்கொண்டே இருப்பதைப் பழுதுபார்ப்பு என்று சொல்ல எனக்கு மனம் வராது. டப்பாவின் மேல் மார்க்கர் பேனாவால் இன்றைய அளவுக்கு நேராக ஒரு கோடு போட்டுத் தேதி எழுதி வையுங்கள். சந்தேகம் தீர அதைவிட மலிவான கருவி கிடையாது.

டாஷ்போர்டில் சிவப்பு பிரேக் விளக்கு வளைவுகளில் மட்டும் எரிந்து அணைகிறதே?

முதலில் ஹேண்ட்பிரேக்கை முழுதாக இறக்கியிருக்கிறீர்களா என்று பாருங்கள். பல கார்களில் இரண்டுக்கும் ஒரே விளக்குதான். அது சரியாக இருந்தால், டப்பாவுக்குள் மிதக்கும் மிதவை கீழ்க் கோட்டை நெருங்கிவிட்டது என்று பொருள். கார் வளையும்போதோ பிரேக் பிடிக்கும்போதோ திரவம் ஒரு பக்கம் சாய்கிறது, மிதவை தட்டுகிறது, விளக்கு எரிகிறது. தொடர்ந்து எரியும் நிலைக்கு இது முந்திய படி. அன்றைக்கே பானெட்டைத் திறந்து பாருங்கள்.

காருக்கு அடியில் சொட்டியிருப்பது பிரேக் திரவம்தானா என்று எப்படி அறிவது?

ஏசி போட்டு ஓட்டிய காரின் முன்பகுதியில், இடப்பக்கமாகச் சொட்டுவது பெரும்பாலும் வெறும் தண்ணீர். பிரேக் திரவம் நிறமற்றோ வெளிர் மஞ்சளாகவோ இருக்கும். பழசானால் தேநீர் நிறத்துக்கு, சில நேரம் கறுப்புக்கே மாறும். விரலில் தொட்டால் வழுக்கும், ஆனால் என்ஜின் ஆயிலைவிட நீர்த்தது.

நிறத்தை வைத்து முடிவுக்கு வர முடியாவிட்டால் ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் எடுத்து, சொட்டியதைத் துளி விடுங்கள். என்ஜின் ஆயில், கியர் ஆயில், ஷாக் அப்சார்பர் ஆயில் எல்லாம் மேலே மிதக்கும். நம் கார்களில் ஊற்றும் டாட் 3, டாட் 4 திரவங்கள் (டாட் என்பது பிரேக் திரவத்தின் தரப் பெயர்) கிளைக்கால் (glycol) என்ற வேதிப்பொருள் வகையைச் சேர்ந்தவை. தண்ணீரில் கலந்து மறைந்துவிடும். கூலன்ட்டும் கலக்கும்தான், ஆனால் அது பச்சை, சிவப்பு, நீலம் என்று சாயம் போட்டு வருவதால் குழப்பம் வராது. சோதித்த டம்ளரை மறுபடி சமையலறைக்குக் கொண்டுபோக வேண்டாம், இது நச்சுப் பொருள்.

கசிவு எந்த இடத்தில் என்று எப்படித் தேடுவது?

இரவு முழுக்கக் காரை நிறுத்தி வைத்துவிட்டுக் காலையில் தரையைப் பார்ப்பது பாதித் தேடல்தான். நிறுத்திய காரின் குழாய்களில் அழுத்தம் ஏதும் இல்லை. கடுமையாக மிதிக்கும்போதோ 70, 80 பார், சில நேரம் அதற்கு மேலும் எழும். டயருக்குள் இருக்கும் காற்று இரண்டரை பார்கூட இருக்காது. ஆகவே மிதிக்கும்போது மட்டும் கசியும் இடங்கள் உண்டு. சமதளத்தில் காரை நிறுத்தி, நான்கு சக்கரத்தின் உட்பக்கமும் என்ஜினுக்கு அடியிலும் பழைய செய்தித்தாளை விரியுங்கள். என்ஜினை ஓடவிட்டு, ஒருவர் உள்ளே அமர்ந்து பெடலை அழுத்தமாகப் பலமுறை மிதிக்கட்டும். நீங்கள் டார்ச்சோடு சுற்றி வாருங்கள். கார் நகராதபடி சக்கரங்களுக்குக் கட்டை வைத்திருப்பது அவசியம். பெடல் மிதித்த கார்தானே என்று கீழே தலையை விடாதீர்கள்.

பார்க்கும் வரிசை இது. பெடலின் அழுத்தத்தைக் குழாய்களுக்கு அனுப்பும் மாஸ்டர் சிலிண்டரும் அதன் மேல் டப்பாவும் பானெட்டுக்குள் ஓட்டுநர் பக்கம், பின்சுவரை ஒட்டி இருக்கும். டப்பா சிலிண்டரில் அமரும் இடத்தில் உள்ள ரப்பர் வளையங்கள், குழாய்கள் ஏறும் நட்டுகள், இவற்றைச் சுற்றிலும் ஈரம் இருக்கிறதா? அதற்குப் பின்னால் பெரிய வட்டமாக இருக்கும், மிதிக்கும் பலத்தைக் கூட்டும் பூஸ்டரின் கறுப்புப் பெயின்ட் அடிப்பக்கம் உரிந்து துருப்பிடித்திருந்தால் அதுவே சாட்சி. பிரேக் திரவம் பெயின்ட்டை அரிக்கும். அங்கே கசிவு இன்று நேற்று தொடங்கியதல்ல.

அடுத்து முன்சக்கரங்கள். ஸ்டீயரிங்கை ஒரு பக்கமாக முழுதும் திருப்பினால் ரப்பர் ஹோஸ் நன்றாகத் தெரியும். அதில் வெடிப்பு, உப்பல், டயரோடு உரசிய தழும்பு உண்டா? காலிப்பரில் ஹோஸ் சேரும் போல்ட், ஏர் எடுக்கும் நிப்பிள், பிஸ்டனைச் சுற்றிய ரப்பர் உறை, மூன்றையும் பாருங்கள். அங்கே கறுப்பாகக் கெட்டியாக அப்பியிருந்தால் அது ஆக்சிலின் ரப்பர் உறை கிழிந்து தெறித்த கிரீஸ்.

பின்சக்கரத்தில் டயரின் உட்பக்கச் சுவரும் ட்ரம்முக்குப் பின்னுள்ள தகடும் நனைந்திருந்தால், ட்ரம்முக்குள் பிரேக் ஷூக்களைத் தள்ளும் வீல் சிலிண்டர்மேல் சந்தேகம் கொள்ளலாம். உறுதிசெய்ய ட்ரம்மைக் கழற்றித்தான் ஆக வேண்டும். வீல் சிலிண்டரின் இரு முனையிலும் உள்ள ரப்பர் மூடியை மெதுவாக விலக்கிப் பாருங்கள்: லேசான பிசுபிசுப்பு மட்டும் என்றால் பரவாயில்லை, சொட்டு வடிந்தால் சிலிண்டர் போய்விட்டது. ஆம்னி, பொலேரோ போலப் பின்சக்கரம் இழுக்கும் வண்டிகளில் ஆக்சில் ஆயில் சீல் போனாலும் ட்ரம் நனையும். அங்கே மேலே சொன்ன தண்ணீர்ச் சோதனை கைகொடுக்கும். கியர் ஆயிலின் கந்தக வாடையும் காட்டிக்கொடுக்கும்.

கடைசியாக, காருக்கு அடியில் முன்னிருந்து பின் வரை ஓடும் இரும்புக் குழாய்கள். கல் அடித்து நசுங்கிய இடம், கிளிப் பிடித்திருக்கும் இடத்தில் சேறு தங்கி வந்த துரு. கடலோர ஊர்க்காரர்கள் இதைக் கூடுதல் கவனத்தோடு பார்க்கலாம்.

எங்கும் ஈரமே இல்லை, ஆனால் அளவு இறங்கிக்கொண்டே இருக்கிறது. இது எப்படி?

கண்ணுக்குத் தெரியாமல் போக இரண்டு வழிகள் உண்டு. முதலாவது, மாஸ்டர் சிலிண்டரின் பின்புற சீல். அது கசிந்தால் திரவம் வெளியே சொட்டாது. நேரே பூஸ்டருக்குள் இறங்கும். பெட்ரோல் கார்களில் பூஸ்டரை என்ஜினின் உறிஞ்சு காற்றோடு ஒரு குழாய் இணைப்பதால், அங்கே தேங்கியது இழுக்கப்பட்டு எரிந்து சைலன்சரில் வெள்ளைப் புகையாகவும் வரலாம். மாஸ்டர் சிலிண்டரைப் பூஸ்டரோடு பிடித்திருக்கும் நட்டுகளைத் தளர்த்தி, அதைச் சற்று முன்னே இழுத்து இடைவெளியில் பார்த்தால் உண்மை தெரியும். குழாய்களைக் கழற்றாமலேயே இந்த அளவுக்குப் பெரும்பாலான கார்களில் நகர்த்தலாம், வளைத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, கிளட்ச். ஹைட்ராலிக் கிளட்ச் உள்ள பல கார்களில் கிளட்ச்சுக்கும் பிரேக்குக்கும் டப்பா ஒன்றுதான். கிளட்ச் பெடலுக்குக் கீழே கால் வைக்கும் இடத்தில் விரிப்பு நனைந்திருக்கிறதா, கியர்பாக்ஸ் அடியில் சொட்டுகிறதா என்று பாருங்கள். கியர் விழுவது கடினமாகியிருந்தால் இந்தப் பக்கம் சந்தேகத்தைத் திருப்புவது நல்லது. பிரேக்கையே குடைந்துகொண்டிருக்கும் மெக்கானிக்குகள் தவறவிடும் இடம் இது.

அளவு குறையவில்லை, ஆனால் பெடலை மிதித்துப் பிடித்திருந்தால் மெல்லக் கீழே இறங்குகிறது. இதுவும் கசிவா?

கசிவுதான், ஆனால் உள்ளுக்குள். மாஸ்டர் சிலிண்டருக்குள் இருக்கும் ரப்பர் தேய்ந்து, அழுத்தம் அதைத் தாண்டி டப்பாவுக்கே திரும்புகிறது. சோதிக்க, என்ஜினை நிறுத்திவிட்டு பெடல் கெட்டியாகும் வரை ஐந்தாறு முறை மிதியுங்கள். பிறகு ஒரே அழுத்தத்தில் அரை நிமிடம் பிடித்திருங்கள். பெடல் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும். மிதித்தபடியே என்ஜினை ஓடவிட்டால் பெடல் கொஞ்சம் இறங்கும். அது பூஸ்டர் வேலை செய்வதற்கான அடையாளம், பயப்பட வேண்டாம்.

மலையிலிருந்து இறங்கும்போது பெடல் தரையைத் தொட்டது. கீழே வந்து வண்டியை ஆறவிட்டதும் சரியாகிவிட்டது. எங்கே கசிகிறது?

பெரும்பாலும் எங்கும் கசியவில்லை. திரவம் கொதித்திருக்கிறது. கிளைக்கால் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. டாட் 3 புதிதாக இருக்கும்போது குறைந்தபட்சம் 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது தர விதி. ஈரம் ஏறிய நிலையில் அந்த வரம்பு 140 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. டாட் 4 திரவத்துக்கு இந்த எண்கள் 230, 155. கல்லட்டிப் பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகளிலோ கொல்லிமலையின் 70 வளைவுகளிலோ பிரேக்கில் காலை வைத்தபடியே இறங்கினால் காலிப்பரின் சூடு அந்த எல்லையைத் தொடும். திரவம் ஆவியாகும், ஆவி அழுங்கும், பெடல் உள்ளே போகும். ஆறியதும் மறுபடி திரவமாகிவிடுவதால் ஒன்றும் நடக்காததுபோல் இருக்கும்.

மருந்து இரண்டு: திரவத்தை முழுதாக மாற்றுவது, இறங்கும்போது முதல் அல்லது இரண்டாம் கியரில் என்ஜினைக் கொண்டு வேகத்தைக் கட்டுவது. ஆறியபின் சரியாகிவிட்டது என்று அப்படியே விட்டுவிடாதீர்கள். சரியான அளவு திரவமும் உலர்ந்த சக்கரங்களும் இருந்து, சமவெளியிலும் பெடல் மெத்தென்று இருந்தால் உள்ளே காற்று இருக்கிறது என்று கொள்ளலாம்.

கசிவு தெரிந்த காரை மெக்கானிக் வரைக்கும் ஓட்டிப் போகலாமா?

போகக் கூடாது. மெக்கானிக்கை வரவழையுங்கள், அல்லது காரை ஏற்றிச் செல்லும் வண்டியை அழையுங்கள். இன்றைய கார்களில் பிரேக் இரண்டு தனித் தடங்களாகப் பிரிந்திருக்கிறது. முன்சக்கரம் இழுக்கும் சிறிய கார்களில் பெரும்பாலும் ஒரு முன்சக்கரமும் அதன் எதிர்மூலைப் பின்சக்கரமும் ஒரு தடம். ஒன்று போனாலும் மற்றொன்று நிறுத்தும் என்பது உண்மை. ஆனால் பெடல் வெகு கீழே போய்த்தான் பிடிக்கும், நிற்க இரு மடங்கு தூரம்கூட ஆகலாம். அந்த ஏற்பாடு ஓடிக்கொண்டிருக்கும் வண்டியை ஓரம் கட்டுவதற்காக. அதை நம்பி ஊருக்குள் நெரிசலில் ஓட்டக் கூடாது.

ஓடும்போதே பெடல் போய்விட்டால் விரைவாக, திரும்பத் திரும்ப மிதியுங்கள்; மிச்சமிருக்கும் அழுத்தம் திரளக்கூடும். கியரை ஒவ்வொன்றாக இறக்குங்கள். ஹேண்ட்பிரேக் லிவரின் பொத்தானை அழுத்திப் பிடித்தபடி கொஞ்சம் கொஞ்சமாக இழுங்கள். அது கம்பி வழியாக வேலை செய்வதால் திரவம் இல்லாமலும் பிடிக்கும். ஒரேயடியாக இழுத்தால் பின்பக்கம் சறுக்கும். சாவியைத் திருப்பி என்ஜினை நிறுத்திவிடாதீர்கள், ஸ்டீயரிங்கின் உதவியும் போய்விடும்.

அவசரத்துக்கு வேறு ஏதாவது ஊற்றலாமா? சோப்புத் தண்ணீர் ஊற்றிச் சமாளித்ததாகச் சொல்கிறார்களே?

தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும், உள்ளே துருவும் பிடிக்கும். சோப்பு சேர்த்தால் அது மாறிவிடாது. என்ஜின் ஆயில், ஸ்டீயரிங் ஆயில் இன்னும் மோசம்: பிரேக் ரப்பர்கள் கனிம எண்ணெய் பட்டால் ஊறிப் பெருத்துவிடும். பிறகு மாஸ்டர் சிலிண்டரிலிருந்து சக்கரம் வரை எல்லா ரப்பரையும், ஹோஸ்களையும் மாற்ற வேண்டியிருக்கும். ஒரு பாட்டில் மிச்சம் பிடிக்கப் போய் ஒரு பெரிய பில்.

வீல் சிலிண்டருக்கு ரப்பர் கிட் மட்டும் மாற்றினால் போதுமா, புதிதே வாங்க வேண்டுமா?

கிட் மலிவு, அதனால் எல்லோரும் அதையே கேட்கிறார்கள். ரப்பர் ஏன் போனது என்பதைப் பார்க்காமல் கிட் போடுவது வீண். வருடக்கணக்கில் மாற்றாத திரவத்தில் ஏறிய ஈரம் சிலிண்டரின் உட்சுவரை அரித்துச் சிறு குழிகளை உண்டாக்குகிறது. அந்தக் குழிகள் ரப்பரின் உதட்டைக் கிழிக்கின்றன. சிலிண்டரைத் துடைத்து, வெளிச்சத்தில் உள்ளே பாருங்கள், நகத்தால் வருடுங்கள். வழுவழுப்பாக இருந்தால் கிட் போதும். குழியோ கீறலோ தட்டுப்பட்டால் புது சிலிண்டர்தான். எமரித் தாள் போட்டுத் தேய்த்துச் சரிசெய்து தருகிறேன் என்பவரிடம் வண்டியை விடாதீர்கள். தேய்த்த சிலிண்டர் சில மாதங்களில் மறுபடி கசியும். சிறிய கார்களுக்குப் புது வீல் சிலிண்டர் அப்படியொன்றும் விலை அதிகமில்லை. என்னைக் கேட்டால், ட்ரம்மைத் திறக்கும் கூலியையும் சேர்த்துப் பார்த்தால் புதிது வாங்குவதே சிக்கனம், அதுவும் இரு பக்கத்துக்கும். ஒரு பக்கம் கசிந்த அதே வயதில்தான் மறுபக்கமும் இருக்கிறது.

திரவம் ஊறிய பிரேக் ஷூவைத் துடைத்து மறுபடி மாட்டக் கூடாது. வெயிலில் காய வைத்தாலும், தீயில் வாட்டினாலும் அது உள்ளிருந்து கசிந்து, ஒரு பக்கம் பிடித்து ஒரு பக்கம் வழுக்கும். இரு பக்க ஷூக்களையும் சேர்த்து மாற்றுங்கள். ட்ரம்மைப் பிரேக் கிளீனர் தெளித்துச் சுத்தம் செய்யலாம். உள்ளே இருக்கும் தூசியைக் காற்று பிடித்து ஊதாதீர்கள். பழைய ஷூக்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கக்கூடும்.

இன்னொன்று. பிரேக் பாகங்களைப் பெட்ரோலிலோ டீசலிலோ மண்ணெண்ணெயிலோ கழுவும் வழக்கம் நம் ஒர்க்‌ஷாப்புகளில் பரவலாக இருக்கிறது. அந்த ஈரம் மிச்சமிருந்தால் புது ரப்பரும் ஊறிப்போகும். கழுவப் புதிய பிரேக் திரவமோ பிரேக் கிளீனரோதான் வேண்டும். கையிலுள்ள கிரீஸையும் துடைத்துவிட்டு ரப்பரைத் தொடச் சொல்லுங்கள். கேட்டுக்கொள்வதில் தவறில்லை.

காலிப்பர் கசிந்தால்?

அதே கணக்குத்தான்: பிஸ்டன் துருவேறாமல் பளபளப்பாக இருந்தால் சீல் கிட், குழி விழுந்திருந்தால் பிஸ்டனோ முழு காலிப்பரோ மாற்றம். பிஸ்டனைக் காற்றழுத்தம் கொடுத்து வெளியே எடுக்கும்போது எதிரில் மரக்கட்டை வைக்க வேண்டும். விரல் இருந்தால் நசுங்கும்.

குழாயில் மெல்லிய விரிசல்தான். எம்-சீல் வைத்து அடைக்கலாமா? கார்டன் குழாய்க் கிளிப் போடலாமா?

மேலே சொன்ன 70, 80 பாரை நினைவில் வையுங்கள். எந்தப் பசையும் அங்கே நிற்காது. விரிசல் விட்ட இரும்புக் குழாயை மாற்றத்தான் வேண்டும். காருக்கென்று வரும் குழாய் கிடைத்தால் அதுவே சிறந்தது. கடையில் அளவுக்கு வெட்டிச் செய்து தருவதானால், முனையை இரட்டை மடிப்பாக விரித்துத் தருகிறார்களா, பழைய முனையின் வடிவமும் புதியதும் ஒன்றா என்று பாருங்கள். ஒற்றை மடிப்பு வெடிக்கும். பிளம்பிங் செப்புக் குழாயை ஏற்காதீர்கள். நட்டுகளைச் சாதாரண ஸ்பானரால் திருகினால் முனை மழுங்கும், குழாய்க்கென்று உள்ள ஃப்ளேர் ஸ்பானர் வேண்டும்.

ரப்பர் ஹோஸை ஒரு பக்கம் மாற்றினால் மறுபக்கமும் மாற்றுங்கள். காலிப்பரில் சேரும் போல்ட்டின் இரு பக்கமும் உள்ள செப்பு அல்லது அலுமினிய வாஷர்கள் ஒருமுறைப் பயன்பாட்டுக்கு உரியவை. பழையதையே திருப்பிப் போட்டு இறுக்குவதால் வரும் கசிவு நிறைய. மாட்டியபின் ஸ்டீயரிங்கை இரு கடைசிக்கும் திருப்பி, ஹோஸ் முறுக்கிக்கொள்ளவில்லை, டயரைத் தொடவில்லை என்று உறுதிசெய்யுங்கள். பேட் மாற்றும்போது காலிப்பரை ஹோஸிலேயே தொங்கவிடும் பழக்கம்தான் பல ஹோஸ்களின் ஆயுளைக் குறைக்கிறது. ஒரு கம்பியால் கட்டி வைக்க எத்தனை நேரமாகிவிடும்?

எந்தத் திரவம் ஊற்றுவது?

டப்பாவின் மூடியிலேயே அச்சிட்டிருக்கும். டாட் 3 கேட்கும் காருக்கு டாட் 4 ஊற்றலாம், திருப்பிச் செய்யாதீர்கள். டாட் 5 என்பது சிலிக்கோன் வகை, ஊதா நிறம், மற்றவற்றோடு சேராது. டாட் 5.1 பெயரில் நெருக்கமாக இருந்தாலும் கிளைக்கால் வகைதான். சீல் பிரிக்காத பாட்டிலாக வாங்குங்கள். மாதக்கணக்கில் திறந்து வைத்திருந்த பாட்டில் ஏற்கெனவே ஈரம் குடித்தது.

பழுது பார்த்தபின் ஏர் எடுப்பது எப்படி?

எந்தக் குழாயைத் திறந்தாலும் காற்று புகும். எடுக்காமல் விட முடியாது. டப்பாவை நிரப்பிக்கொள்ளுங்கள். நிப்பிளில் ஒரு தெளிவான பிளாஸ்டிக் குழாயை மாட்டி, அதன் மறுமுனையைக் கொஞ்சம் திரவம் ஊற்றிய பாட்டிலுக்குள் மூழ்க வையுங்கள். உள்ளே இருப்பவர் பெடலை மிதித்துப் பிடிக்க வேண்டும்; நீங்கள் நிப்பிளைத் திறக்கிறீர்கள், குமிழ் வருகிறது, மூடுகிறீர்கள்; மூடியதாகச் சொன்னபிறகே அவர் காலை எடுக்கலாம். இந்த ஒழுங்கு தப்பினால் காற்று மறுபடி உள்ளே போகும். குமிழ் நின்று தெளிந்த திரவம் வரும் வரை செய்யுங்கள். நடுவில் டப்பா வற்றிவிடாமல் நிரப்பிக்கொண்டே இருக்க வேண்டும்.

பொதுவாகத் தொலைவில் உள்ள சக்கரத்திலிருந்து தொடங்குவார்கள். குறுக்குத் தடம் உள்ள கார்களில் வரிசை மாறலாம் என்பதால் காரின் சர்வீஸ் கையேட்டைப் பின்பற்றுங்கள். ஏபிஎஸ் (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) அலகுக்குள் காற்று போயிருந்தால் சில கார்களில் கணினிக் கருவி இணைத்துத்தான் எடுக்க முடியும். பழைய காரில் பெடலைத் தரை வரை அழுத்தாமல் இருக்க அடியில் ஒரு மரத்துண்டு வையுங்கள்: மாஸ்டர் சிலிண்டரில் ரப்பர் இதுவரை போகாத பகுதியில் துரு இருக்கும், அங்கே போய் உரசினால் நேற்று வரை நன்றாக இருந்த சிலிண்டரும் கெடும். நிப்பிள் துருப்பிடித்திருந்தால் முந்தைய நாளே துரு நீக்கி தெளித்து ஊறவிடுங்கள். முறித்துவிட்டால் செலவு காலிப்பரில் போய் நிற்கும்.

இதையெல்லாம் வீட்டில் நானே செய்யலாமா?

தேடும் வேலையைத் தாராளமாகச் செய்யலாம். அதைச் செய்துவிட்டுப் போனால் மெக்கானிக்கிடம் பேச்சும் எளிது. கழற்றுவதைப் பொறுத்தவரை, முன்பு பேட், ஷூ மாற்றிய அனுபவமும் ஜாக் ஸ்டாண்டும் இருந்தால் வீல் சிலிண்டர், ஹோஸ் வரை கைவைக்கலாம். ஜாக்கை மட்டும் நம்பிக் கீழே போகக் கூடாது. மாஸ்டர் சிலிண்டர், ஏபிஎஸ், இரும்புக் குழாய் ஆகியவற்றை அனுபவமுள்ளவரிடம் விடுங்கள். முதன்முதலாக ஸ்பானர் பிடிப்பவர் பிரேக்கில் பழகக் கூடாது.

வேலை சரியாக முடிந்ததா என்று எப்படித் தெரியும்?

என்ஜினை ஓடவிட்டுப் பெடலை முழு பலத்தோடு மிதித்துப் பிடியுங்கள். இன்னொருவர் மாற்றிய இடங்களை உலர்ந்த வெள்ளைத் துணியால் துடைத்துப் பார்க்கட்டும். பிறகு காலி மைதானத்தில் நடை வேகத்தில் பிடித்துப் பாருங்கள். வண்டி ஒரு பக்கம் இழுக்கக் கூடாது. டப்பாவில் புதிதாக ஒரு கோடு போட்டு, முதல் வாரம் தினமும், அடுத்த மாதம் வாரம் ஒருமுறை பாருங்கள். திரவத்தை இனி இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள். பல நிறுவனங்களின் கையேடும் அதையே சொல்கிறது.

கை, பெயின்ட், தரை என்று சிந்திவிட்டது. எடுத்த பழைய திரவத்தை என்ன செய்வது?

பெயின்ட்டில் பட்டதும் தேய்க்காமல் நிறையத் தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். காத்திருந்தால் பெயின்ட் உப்பி உரியும். கண்ணில் பட்டால் ஓடும் தண்ணீரில் பல நிமிடம் கழுவிவிட்டு மருத்துவரைப் பாருங்கள். தரையில் சிந்தியதன்மேல் மணலோ மரத்தூளோ போட்டு உறிஞ்சவிட்டு அள்ளிவிடலாம். எடுத்த திரவம் எவ்வளவு தெளிவாகத் தெரிந்தாலும் மறுபடி டப்பாவில் ஊற்றக் கூடாது, சாக்கடையிலும் விடக் கூடாது. மூடியுள்ள பாட்டிலில் அடைத்து, மேலே பெயர் எழுதி, குழந்தைகளுக்கு எட்டாமல் வைத்து, கழிவு ஆயில் சேகரிக்கும் ஒர்க்‌ஷாப்பில் கொடுங்கள். அவர்களுடைய என்ஜின் ஆயில் பீப்பாயில் கலக்காமல் தனியாக வைக்கச் சொல்லிவிட்டு வாருங்கள்.